நிராகரிக்கப்பட்ட ஊர்கள்

உட்கார். அது என் கணவர் உட்கார வேண்டிய இடம். அவர் வந்ததும் எழுந்துகொண்டால் போதும். பெட்டியை மட்டும் என் காலோடு ஒட்டி வைக்காதே, பாதம் வீங்கியிருக்கிறது. உடனே குனிந்து பார்க்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற எல்லாருக்கும் வீங்குவதுதான். மருத்துவம் கடைசி ஆண்டு வந்துவிட்டால் உங்களுக்கு எதிரே வருகிறவர்கள் எல்லாம் நோயாளிகளாகத் தெரிகிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா விழிக்கிறாய்? இவ்வளவு நேரம் தொலைபேசியில் நீ போட்ட சண்டையை இந்தத் திபிலீசி விமான நிலையமே கேட்டது. மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரியும். காதில் விழுந்ததை விழாதது போல் பாவனை செய்கிற நாகரிகம் என்னிடம் இல்லை. உன் பெயர் மணிமொழி. தர்மபுரிப் பக்கம். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற கணினி வேலை. அவன் லிஸ்பன் என்கிறான், நீ பாலி என்கிறாய். கடற்கரையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இளநீர் குடிக்கிற எவனோ ஒருவனுடைய படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் மோதிக்கொள்கிறீர்கள். மணலில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் உலகத்தில் எவனும் இல்லை. வெயிலில் திரையே தெரியாது.

ஆன்ட்டி என்று கூப்பிடாதே. என் பெயர் காந்திமதி. பாளையங்கோட்டை. கணிதத்தில் முதுகலை, பல்கலைக்கழகத்தில் முதலிடம். நான் பேசுவது மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். நினைத்துக்கொள். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மிச்சத்தைக் கையை ஆட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு வரவில்லை.

ஊர்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேள். பினாங்கு, சியாங் மாய், டா நாங், இந்தத் திபிலீசி, நான்கிலும் குடியிருந்து வேலை பார்த்திருக்கிறேன். நான்கையும் நிராகரித்துவிட்டேன். இப்போது மொரீஷியஸ் போகிறோம். துபாய் வரைக்கும் உன்னுடைய விமானம்தான். அவர் வந்ததும் இருவருமாகப் போய்ப் பெட்டியைப் போட வேண்டும்.

வருவார். அவசரமில்லை.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் உனக்கு மற்றது புரியும். லண்டனில் ஒரு காப்பீட்டு நிறுவனம். வீட்டில் தண்ணீர் புகுந்தது, பயணத்தில் கால் முறிந்தது, நகை தொலைந்தது என்று இழப்பீடு கேட்கிறவர்கள் திரையில் வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டு, எங்கே பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. என்னிடம் வந்து தப்பித்துப் போனவர்கள் குறைவு. போன மாதம் ஒரு கிழவர். மனைவி இறந்ததால் பயணம் போகவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றார். அந்த அம்மாள் இறந்தது பயணம் கிளம்ப வேண்டிய நாளுக்கு மறுநாள். அதாவது, கிளம்ப வேண்டிய அன்று உயிரோடு இருந்திருக்கிறாள். "மூச்சு மட்டும்தான் இருந்தது" என்று அழுதார். ஒப்பந்தத்தில் மூச்சு இருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது என்றேன். அப்படிப் பார்க்காதே. நீயும் நாளைக்கு ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லத்தான் போகிறாய்.

அடுத்தவர்களின் வீட்டு விவகாரம் பேசுவதால் எங்கள் வேலையில் ஒரு கட்டாய விதி உண்டு. பேச்சு நடக்கும்போது அறையில் இரண்டாவது ஆள் இருக்கக்கூடாது. நிழல்கூட விழக்கூடாது. நாங்கள் எடுப்பதெல்லாம் ஓர் அறை வீடுகள். ஆகவே மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். எந்த ஊராக இருந்தாலும் இதுதான் ஏற்பாடு. அவர் முகம் சுளித்ததில்லை. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவர். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். பெயர் கோமதிநாயகம். பெயரின் பிற்பாதியை நீ கண்டுகொள்ள வேண்டாம்.

சரி, பினாங்கு. மேற்கு ஜன்னல். சாயங்காலம் முகத்தில் வெயில் அடித்தால் திரையில் நாம் குற்றவாளி மாதிரி தெரிவோம். நாற்காலி மோசம். இணையம் பரவாயில்லை. கீழே டீக்கடை, விடிந்ததிலிருந்து தமிழ். காது கொடுத்தால் வேலை கெட்டுவிடும். கடலா? கடல் இருப்பதாக அவர் சொன்னார்.

அங்கே கோயிலில் தேருக்கு விளக்கலங்காரம் செய்கிற குழுவில் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏணி மேல் நின்றிருக்கிறார். அந்த வாரம்தான் நாங்கள் கிளம்பினோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்குச் சத்தம் ஒத்துவரவில்லை.

சியாங் மாயில் புகை. வயல்களைக் கொளுத்துவார்கள், பங்குனி முழுக்க வானமே தெரியாது. அதனால்தான் விட்டோம். என்ன? ஆமாம், ஆடியில் கிளம்பினோம். ஆடியில் மழைதான், புகை இல்லை. கெட்டிக்காரி நீ. மறுபடியும் பங்குனி வராதா என்று யோசித்தாயா? அங்கே அவர் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் போய்க் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். படித்த பொறியாளர், கத்தரிக்காய் நறுக்குகிறார்! ஆண்டு விழாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். விழாவுக்கு முன்பே நான் டா நாங்கில் அறை பார்த்துவிட்டேன்.

டா நாங்கில் ஈரப்பதம். மடிக்கணினியின் எழுத்துக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். இவர் சாயங்காலம் கடலில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருவார், அறையெல்லாம் உப்பு வாடை. ஒரு நாள் மாடிப்படியில் நின்று தொலைபேசியில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர் மொழியில் பேசிச் சிரிக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. யாரென்று விசாரித்தேன். மீன் பிடிக்கிற ஒரு கிழவனாம். சரி என்று விட்டுவிட்டேன். நான் சந்தேகப் பிராணி இல்லை. அடுத்த வாரம் கிளம்பினோம். ஈரப்பதத்தை எத்தனை நாள் பொறுப்பது?

நீ என்னவோ கணக்குப் போடுகிறாய், முகத்தில் தெரிகிறது. வேண்டாம். எதிரே இருப்பவர் முகத்தைப் படிப்பது என் தொழில்.

திபிலீசி எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னல், முகத்தில் சீரான வெளிச்சம். இணையம் உயர்தரம். நல்ல நாற்காலி. மூன்றாவது மாடி என்பது ஒன்றுதான் குறை. அந்த மின்தூக்கியில் நான் கால் வைப்பதில்லை. இரும்புப் பெட்டி, நினைத்தால் நின்றுவிடும். அதனால் என்ன, கீழே எனக்கு என்ன வேலை? வேண்டியதை அவர் வாங்கி வந்துவிடுவார். மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிற நீள ரொட்டி சூடாக வரும். சிவப்புப் பயறு வேகவைத்து மல்லித்தழை போட்ட ஒரு சாறு தூக்குப் பாத்திரத்தில் வரும். சைவம்தான், கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன். அக்ரூட் பருப்பை அரைத்துச் செய்த கத்தரிக்காய், மாதுளை, தேன். கடைக்காரர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்றேன் ஒரு நாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ குறித்துக்கொள். ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு மதியம் லண்டன்காரர்கள் கூட்டத்தைத் திடீரென்று தள்ளி வைத்தார்கள். நேரம் கிடந்தது. அவர் எங்கேதான் போகிறார் பார்ப்போம் என்று இறங்கினேன். படியில் இறங்கினேன். இரண்டாவது மாடிக்கு வந்ததும் கொஞ்சம் உட்கார்ந்தேன். புதுப் பழக்கம்தானே, மூச்சு வாங்கும். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

முற்றத்தில் ஒரு தடித்த பெண்மணி போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். பெயர் மனானா என்று பிற்பாடு தெரிந்தது. என்னைப் பார்த்தாள். போர்வையைக் கீழே போட்டாள். மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஒரு கத்தல். கல்லறையிலிருந்து எழுந்து வந்தவளைப் பார்த்தால் கத்துவார்களே, அந்தக் கத்தல். நாலா பக்கமும் ஜன்னல் திறந்தது. ஒருத்தி நாற்காலி கொண்டுவந்தாள், ஒருத்தி சால்வை போர்த்தினாள், ஒரு கிழவன் தண்ணீரை என் வாயருகே நீட்டினான். எனக்குக் கையே இல்லாத மாதிரி! லெவான் என்று ஒரு பல் மருத்துவர், ஆங்கிலம் தெரிந்தவர், முழங்காலிட்டு உட்கார்ந்து என்னைக் கேட்கிறார்: "அம்மா, நீங்கள் நடக்கலாமா? உங்கள் கணவருக்குத் தெரியுமா?"

புரிகிறதா உனக்கு? நான் படுத்த படுக்கை. அந்த முற்றத்துக்கே நான் படுத்த படுக்கை. அவர்கள் மாதக்கணக்காக எனக்காக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடைச் சாறு என்று நினைத்துக் குடித்ததெல்லாம் நோயாளிக்கு என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காய்ச்சிக் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து இவர் தெருவிலிருந்து உள்ளே வருகிறார். கையில் ரொட்டி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"மேல போயிப் பேசுவோம் காந்தி."

"எனக்கு என்ன வியாதின்னு சொன்னீங்க?"

"வியாதி பேரு சொல்லல."

"கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்."

பார்த்தாயா, எவ்வளவு சாமர்த்தியமான பதில்! என்னிடம் வருகிற மோசடிக்காரர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்வதில்லை.

மேலே அழைத்துப் போய் எதிரில் உட்கார வைத்தேன். முறைப்படி விசாரித்தேன், மற்றவர்களை விசாரிப்பது போலவே. முதலில் எந்த ஊரில் சொன்னீர்கள்? பினாங்கில். யாரிடம்? டீக்கடைக்காரரிடம். ஏன்?

"வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு தினமும் கூப்பிட்டாரு. வேலையா இருக்கான்னேன். ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாங்கன்னாரு. ஞாயித்துக்கெழமையும் நீ கதவத் தொறக்கல. நானும் எத்தனை தடவதான் சொல்லுவேன்? ஒடம்புக்கு முடியலன்னுட்டேன். அதுக்கப்புறம் அவங்க கேக்கல. நல்லா வச்சுக்கிட்டாங்க."

நல்லா வச்சுக்கிட்டாங்க! என் பெயருக்கு அர்ச்சனை செய்து பிரசாதம் கொடுத்தார்களாம். சியாங் மாயில் பிக்கு ஒருவர் மந்திரித்துக் கொடுத்த நூலை, நான் தூங்கும்போது என் மணிக்கட்டில் கட்டலாமா என்று யோசித்துவிட்டு, பயந்து தன் கையில் கட்டிக்கொண்டாராம். டா நாங்கில் அந்தக் கிழவன் எனக்காகக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக் கொடுத்தானாம். அன்றைக்குத் தொலைபேசியில் என்ன சிரிப்பு என்றேன். "கஞ்சி தீஞ்சு போச்சுன்னு சொன்னேன், அதுக்குச் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன்" என்கிறார்.

நான்கு ஊர். ஒரே பொய். நடக்காத இழப்புக்கு நான்கு இடத்தில் இழப்பீடு வாங்கித் தின்றிருக்கிறார். தின்றது நான்தான் என்கிறாயா? அது வேறு விஷயம். எனக்குத் தெரியாமல் தின்றேன்.

எனக்கு எது ஆறவில்லை தெரியுமா? அவர் தலைகுனியவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில், "அவங்ககிட்ட நீயே வந்து பேசு காந்தி. ஒரு நாள் வா. பாட்டுப் பாடுற எடத்துக்கு வா" என்றார், கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவது போல.

பாட்டு. அதைச் சொல்லவில்லையே. ரொட்டிக் கடைக்கு மேல் ஓர் அறை இருக்கிறது, அங்கே ஆண்கள் கூடிப் பாடுகிறார்கள். இந்த ஊரில் அது ஒரு மதம் மாதிரி. மூன்று குரல். மேலே ஒருவன் உருகுவான், நடுவில் ஒருவன் கதை சொல்வான், கீழே நாலைந்து பேர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் அந்தக் கீழ்க்குரல். தம்புராவுக்குப் பதில் ஒரு மனிதன், அவ்வளவுதான். அவருக்குப் பொருத்தமான வேலை; அசையாமல் நிற்பது. எங்கள் வீட்டில் அவர் பாடியதே இல்லை. குளியலறையில் ஒருமுறை முனகினார், நான் சுவரைத் தட்டினேன், நிறுத்திவிட்டார்.

போனேன். ஒரு பொய்க் கோரிக்கையை எங்கே வைத்தார்களோ அங்கேயே வைத்து உடைக்க வேண்டும், அதுதான் முறை. பெட்டியின் அடியிலிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன். கட்டும்போது நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது, பட்டு கனம். பொட்டு வைத்துக்கொண்டேன். அந்த மரப்படி ஏறி அவர்கள் முன்னால் போய் நின்றேன். பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மனானாவும் இன்னும் சில பெண்களும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். லெவானை அழைத்து, நான் சொல்வதை ஒரு வரி விடாமல் மொழிபெயருங்கள் என்றேன்.

"நான் காந்திமதி. எனக்கு எந்த நோயும் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. இந்த மனிதர் உங்கள் இரக்கத்தை ஏமாற்றி வாங்கியிருக்கிறார். மூன்று ஊர்களில் இதையே செய்துவிட்டு வந்திருக்கிறார். நான் அறைக்குள் இருப்பது என் விருப்பம். என் வேலை அங்கே இருக்கிறது. உங்கள் ஊரில் நான் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. இனி இவருக்கு எதுவும் கொடுக்காதீர்கள்."

நல்ல பேச்சு. திருத்தமாகப் பேசினேன். லெவான் மொழிபெயர்த்து முடித்தார். இவர் சுவரோரம் நின்றிருந்தார். இப்போது அடிப்பார்களா, துப்புவார்களா என்று நான் காத்திருந்தேன்.

மனானா எழுந்து வந்தாள். என் கன்னத்தில் கையை வைத்தாள். மாவு வாசனை. ஏதோ சொன்னாள். மொழிபெயருங்கள் என்றேன். லெவான் தயங்கினார். ஒரு வரி விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அவங்க அக்காவும் கடைசி வரைக்கும் இப்படித்தான் சொன்னாங்களாம்."

நீ சிரிக்காதே. அழவும் வேண்டாம், அது அதைவிட மோசம். ஒருத்தரும் நான் சொன்னதை நம்பவில்லை. ஒருத்தர்கூட! வாழ்நாள் முழுக்க ஊரார் பொய்யைக் கண்டுபிடித்தவள் உண்மையைச் சொல்கிறேன், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்று சொல்கிறேன், எனக்கு நாற்காலி போடுகிறார்கள். போட்டுவிட்டுப் பாடினார்கள். இவர்களிடம் நோயாளியின் தலைமாட்டில் பாடுவதற்கென்று தனியாகப் பாட்டு இருக்கிறதாம். வந்த நோயை விருந்தாளி மாதிரி உபசரித்து, நல்லபடியாகப் போய் வா என்று அனுப்புகிற பாட்டு. அதை எனக்குப் பாடினார்கள். இவரும் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரே சுருதியை விடாமல். என் பக்கம் திரும்பவே இல்லை.

முடிகிற வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். படி செங்குத்து, இருட்டு.

மறுநாள் காலை குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அவர் இந்த நாட்டில் தங்குகிற அனுமதி என் அனுமதியோடு கட்டியது. நான் சம்பாதிப்பவள், அவர் என்னைச் சார்ந்தவர். அந்தச் சார்பை விலக்கிக்கொள்கிறேன் என்று இரண்டே வரி. எழுதி முடித்த பிறகு அவரிடம் சொன்னேன். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, அது அவருடைய பழக்கம். நாளைக்கு அவர்களுடைய கச்சேரி, ஏதோ தேவாலயத்தில். அதைக் கெடுக்க இன்றைக்குப் பயணம் வைத்தேன் என்று நினைக்காதே. இன்றைக்குத்தான் ஜன்னலோர இருக்கை இருந்தது.

"நாளையோட உங்க அனுமதி முடியுது. எங்க போவீங்க?" என்றேன் நேற்றுக் காலையில்.

"வேற ஏதாவது வழி பார்ப்பாங்க."

"யாரு?"

"அவங்க."

அவங்களாம்! மனைவியை விட்டுவிட்டு 'அவங்க'. நான் விடுவேனா? சொன்னேன்: "கேட்டுக்கோங்க. நீங்க வரலன்னா, எனக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளு கிடையாது. ஒத்தையில போறேன்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பட்டது. எங்கே அடித்தால் படும் என்று எனக்குத் தெரியும். கோயில் மாடு மாதிரி மனிதர், எனக்கு ஒன்று என்றால் தாங்கமாட்டார். அப்புறம், "நீ ஒத்தையில கஷ்டப்படாதபடி நான் பார்த்துக்கிறேன் காந்தி" என்றார். அதுதான் சம்மதம். அவர் அப்படித்தான் சம்மதிப்பார், ஒரு நாளும் நேராகச் சொன்னதில்லை.

காலையில் என் பெட்டிகளை எல்லாம் அவர்தான் இறக்கி வாடகைக் காரில் ஏற்றினார். ஓட்டுநரிடம் என்னவோ நீளமாகச் சொன்னார். நீ முன்னால் போ, நான் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்றார். போகட்டும், கடைசியாக ஒருமுறை அழுதுவிட்டு வரட்டும் என்று விட்டேன். அந்த அளவுக்கு இரக்கம் எனக்கும் உண்டு. அவருடைய பெட்டியா? அவர் கொண்டு வருவார். இது எல்லாம் என்னுடையது.

மொரீஷியஸில் அறை பார்த்துவிட்டேன். தரைத்தளம், வடக்கு ஜன்னல். அக்கம்பக்கம் வீடே இல்லை, கரும்புக் காடு. மதியத்தில் அவர் எங்கே போவார் என்கிறாயா? கரும்பைப் பார்த்துக்கொண்டு நடக்கட்டும். கரும்பு யாருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்காது. ஆகவே உனக்கும் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்: லிஸ்பனும் வேண்டாம், பாலியும் வேண்டாம். ஊர் எதுவானாலும் ஒன்றுதான். அவனை வெளியே விடாதே.

அதோ பார், விமான நிறுவனத்துப் பெண் ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். எந்த மகராசிக்கோ. இந்தச் சீக்காளிகள் எல்லாம் ஏன்தான் பயணம் வருகிறார்களோ, வரிசை முழுக்க இவர்களால் தாமதம்.

இங்கேதான் வருகிறாள். என்ன சொல்கிறாள்? என் பெயரையா? ஆமாம், காந்திமதிதான். இல்லை, நான் கேட்கவில்லை. நான் எதற்குக் கேட்கிறேன்? தவறுதலாக வந்திருக்கிறாள். மணிமொழி, இங்கேயே படிக்கிற உனக்கு இவர்கள் மொழி தெரியும் அல்லவா, இவளுக்குச் சொல். நான் ஆங்கிலத்தில் சொன்னால் புன்னகை செய்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக நடப்பேன், என்னை நோயாளி என்று எவரும் சொல்ல வேண்டாம் என்று சொல்.

சொன்னாயா? அதற்கு ஏன் தலையை ஆட்டுகிறாள்? நான் இப்படித்தான் சொல்வேன் என்று... யார் சொல்லி வைத்தது?

எப்போது தொலைபேசி செய்தாராம்?

சரி. இன்னொரு இருக்கை இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல். கோமதிநாயகம் என்று இருக்கும். என் பக்கத்து இருக்கை. நன்றாகப் பார்க்கச் சொல். அந்தக் கருவியை ஒழுங்காகப் பார்க்கத் தெரியுமா இவளுக்கு?

ரத்தா? நேற்றேயா?

துபாயிலும் ஆள் வருமா? மொரீஷியஸில் இறங்கினால் அங்கேயும்? அறை வாசல் வரைக்கும்? இதையெல்லாம் அவரா சொல்லி ஏற்பாடு செய்தார்? நான் தனியாகப் போகிறேன் என்று, எனக்கு யாரும் துணை இல்லை என்று, அவரா சொன்னார்?

கையை விடு. நாடி பார்க்காதே. உன்னிடம் நான் கேட்கவில்லை.

எழுந்திருக்க முடியும். கொஞ்சம் இரு. உட்கார்ந்தே இருந்ததால் கால் மரத்துவிட்டது, வேறொன்றும் இல்லை. இதில் போனால் வரிசையில் நிற்க வேண்டாம், முதல் ஆளாக ஏற்றிவிடுவார்கள், இல்லையா? அப்படியானால் இதை மறுப்பதுதான் முட்டாள்தனம். அந்தப் பக்கம் பிடி. மெதுவாக. பெட்டிகளைத் தனியாக எடுத்து வரச் சொல். காலை வைக்கிற இடம் எங்கே இருக்கிறது? ஆங்.

இன்னும் என்ன கேட்கிறாள்? என்ன நோய் என்றா? அவர் அதைச் சொல்லவில்லையா?

எனக்கு எப்படித் தெரியும்? நீ படித்தவள்தானே, பார்த்து ஏதாவது ஒன்று சொல்.